பினாங்குக் கடலில் கிணற்று நீச்சல்

1

உங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? கையைத் தூக்குவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். சித்திரைத் திருவிழாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைகையில் முழங்கால் தண்ணீரில் நடந்ததெல்லாம் நீச்சலில் சேராது. தெப்பக்குளத்துக்குள் இறங்கியதும் சேராது. அங்கே நாம் கிரிக்கெட் அல்லவா ஆடினோம்? மதுரைக்காரனுக்கு ஆறு என்றால் மணல்; சலவைத் துணி காயப்போடவும் மாட்டுவண்டி குறுக்கே போகவும் ஏற்பட்ட இடம். எப்போதாவது அதில் வெள்ளம் வந்துவிட்டால் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்ப்போம். தண்ணீரோடு நமக்குள்ள பழக்கம் அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில் என்னைப் பற்றி பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்: ஆற்றங்கரையில் பிறந்தவன், நன்றாக நீந்துவான் என்று.

நான் இங்கே வந்து இறங்கி இன்றோடு ஒரு வருஷம். அதைக் கொண்டாட வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் காலையில் கடலில் நீந்திக்கொண்டிருக்கும்போது உடம்பு மறுபடியும் தானாக இடது பக்கம் திரும்பிவிட்டது. வந்த கோபத்தில், இதை ஊரில் நாலு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒரு தமிழ் டைப்ரைட்டர் இருக்கிறது. முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். அவருக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

2

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வில்லாபுரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும்: நான் எதையும் ஆரம்பிப்பேன், எதையும் முடிக்க மாட்டேன். ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன், ஆறு வாரம். ஷார்ட்ஹாண்ட் வகுப்புக்குப் போனேன். கோடு கோணலாக வந்தது, விட்டேன். சைக்கிளில் அவனியாபுரம் ரோட்டில் ஒரு எருமையோடு மோதினேன், அத்தோடு சைக்கிளும் போச்சு. பி.ஏ. ஒன்றுதான் முடித்தது. அதுவும் அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்பதால், வீட்டில் வேறு வழியில்லாமல் முடித்தது.

பாஸ் பண்ணிவிட்டுச் சும்மா இருந்தேன். வேலை கிடைக்கவில்லை. என் அக்கா பாக்கியத்தைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் வேலுச்சாமி பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. அப்பாதான் அவரைப் படிக்க வைத்தவர், ஆள் பிடித்துக் கப்பலேற்றி முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர், பிறகு பெண்ணையும் கொடுத்தவர். ஆகவே, பையனை அங்கே இழுத்துக்கொள் என்று அப்பா எழுதியதும் மச்சான் உடனே சரி என்றார். அவர் கம்பெனியிலேயே ஒரு இடம் காலி இருந்தது. கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் போய், கயிற்றேணியில் ஏறி, சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் கிராணி வேலை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது அப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "இதையாச்சும் விட்டுப்புட்டு வந்துறாத."

3

பினாங்கு வந்ததும் நேரே ஊருக்குள் விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். டெக் பிரயாணிகளை முதலில் ஒரு தீவில் அடைத்து, மருந்துத் தண்ணீரில் முக்கி, அம்மைப்பால் குத்தி, வியாதி இல்லை என்று தெரிந்த பிறகே வெளியே விடுவார்கள். என்ன தொழில் என்று கேட்ட உத்தியோகஸ்தரிடம் நான் இங்கிலீஷில் பி.ஏ. என்றேன். அவர் தலையை நிமிர்த்திப் பார்க்காமல் என் காகிதத்தில் கூலி என்று எழுதினார். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் ஊரிலிருந்து தாசில்தார் கையெழுத்து வேண்டுமாம். அவர் கையெழுத்து வாங்க நான் ஊரில் இருக்க வேண்டுமாம்.

மச்சான் வந்து அழைத்துப் போனார். அக்கா அழுதாள். அவர்கள் மகள் சரசுக்கு ஏழு வயது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். குடிக்கத் தண்ணி கொண்டா என்றால் மலாயில் "ஆயரா மாமா?" என்று கேட்கிற குழந்தை. கடைக்காரனோடு மலாய், பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையோடு சீனம், அம்மாவோடு மட்டும் போனால் போகிறதென்று தமிழ். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கென்னவோ பொறாமையாகத்தான் இருந்தது.

அன்று இரவே மச்சான் விஷயத்தைச் சொன்னார். முன்பு அந்த இடத்தில் இருந்தவர் லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவே விழுந்து இறந்துபோனார். அதிலிருந்து கம்பெனித் துரை ஒரு சட்டம் போட்டிருக்கிறார். நீச்சல் தெரியாதவனுக்கு அந்த வேலை கிடையாது. எனக்குத் தெரியும் என்று மச்சானே எழுதிக் கொடுத்துவிட்டாராம். மூன்று மாதம் ப்ரொபேஷன். அது முடிகிற அன்று லாஞ்சிலிருந்து குதித்துத் துறைமுகப் படி வரை துரை பார்க்க நீந்திக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குக் கப்பல்.

மச்சான் என் தோளில் கை வைத்தார். "எதுக்குப் பயப்படுற மாப்ள? நான் எங்கூர்க் கெணத்துல மீனு மாதிரி கெடந்தவன். நானே சொல்லிக்குடுக்குறேன்."

அது உண்மைதான். அக்கா கல்யாணத்தின்போது பேரையூரில் பார்த்திருக்கிறேன். கரிசல் காட்டுக்கு நடுவே ஆழமான கிணறு. மச்சானும் அவர் தம்பி ராசுவும் கமலைக் கல்லின் மேலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்து, சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் மேலே உட்கார்ந்து அவர்கள் துணிக்குக் காவல் இருந்தேன்.

4

ஆபீஸுக்குப் போவதற்கு முன் தினமும் காலையில் கடல். பழைய மரப்பாலம் ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. அதன் தூண்களுக்கு நடுவே தண்ணீர் அலையில்லாமல் இருக்கும். ஊரில் என்றால் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி இறக்குவார்கள். இங்கே சுரைக்குடுக்கைக்கு எங்கே போவது? இரண்டு நெற்றுத் தேங்காயைக் கயிற்றில் கோத்து முதுகில் கட்டினார் மச்சான். பி.ஏ. படித்தவன் முதுகில் தேங்காய் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து சம்பான் படகுக்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். காதில் சீழ் பிடித்திருக்கிறது, தலை நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பார். நான் அவரைச் சுற்றி வர வேண்டும். அவர் எப்போதும் என் இடது தோளுக்கு நேரே. தலையைத் தூக்கிக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு, கையால் தண்ணீரை அணைத்து அணைத்து, சுற்று, சுற்று, சுற்று. நேராகப் போகிறேனே என்று ஒரு நாள் கேட்டேன். கடலில் நேரே போகிறவனைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும், சுற்றி வருகிறவனைத்தான் கரை விடாது என்றார். எனக்கு அது சயன்ஸ் மாதிரியே பட்டது.

முதல் வாரம் குடித்த உப்புத் தண்ணீரில் ஊறுகாய் போட்டிருக்கலாம். கண் எரியும், மூக்கு எரியும், கம்பெனி மேஜையில் உட்கார்ந்தால் காதிலிருந்து கடல் ஒழுகும். பழைய நானாக இருந்தால் எப்போதோ துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பேன். மச்சானும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "முடியலன்னா விட்டுரு மாப்ள. தப்பா யாரும் நெனைக்க மாட்டோம்." அவர் சொல்லச் சொல்ல எனக்கு வீம்பு ஏறியது. அப்பா நாகப்பட்டினத்தில் நின்ற நிலை ஞாபகம் வரும். மழையிலும் போனேன். காய்ச்சலிலும் ஒரு நாள் போனேன். இரண்டு தேங்காய் ஒன்றாயிற்று. ஒரு நாள் அதையும் அவிழ்த்து எறிந்தேன். தேங்காய் மிதந்து போயிற்று, நானும் மிதந்தேன். அன்று கடை வாசல்களை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் போகிறவன் வருகிறவன் எல்லாரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரசு கூட வந்திருந்தாள். பாலத்தின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "மாமா, ஏன் சுத்திச் சுத்தியே போறீங்க? அப்பா நேரா போவாங்களே."

மச்சான் அவளிடம் சில்லறை கொடுத்துக் கடலை வாங்கி வர அனுப்பினார். நான் அடுத்த சுற்றுக்குப் போனேன்.

5

சோதனை நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது சுருக்கமாக இருந்தால்தான் நல்லது.

லாஞ்ச் படியிலிருந்து தள்ளி நின்றது. துரை பைப்பைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மச்சான் படியில் துண்டோடு நின்றார். கம்பெனிக் கிராணிகள் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு, மூக்கைப் பிடித்து, பேரையூர்க் கிணற்றில் குதிக்கிற குதி குதித்தேன். துரையின் கால்சட்டை நனைந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே வந்தேன். மூச்சு ஒழுங்காக இருந்தது. பயமே இல்லை. கை தானாகத் தண்ணீரை அணைத்தது. இடது தோளுக்கு நேரே மச்சான் நிற்க வேண்டிய இடத்தில் லாஞ்ச் இருந்தது. உடம்புக்கு அது போதும். நான் லாஞ்சைச் சுற்றி வந்தேன். சுற்றி முடிக்கும்போது படி கண்ணில் பட்டது. அதை நோக்கித் திரும்ப நினைத்தேன். நினைத்தேனே தவிர, உடம்பு இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டது. முதல் சுற்றை எல்லோரும் ஏதோ வித்தை என்று நினைத்திருக்க வேண்டும். யாரோ கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில் சிரிப்பு ஆரம்பித்தது. மூன்றாவதில் லாஞ்ச்காரர் கொக்கிக் கழியால் என் அரைக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

இவனுக்கு நீந்தத் தெரிகிறது, போய்ச் சேரத் தெரியவில்லை என்றார் துரை. இடம் மறுபடி காலியானால் வந்து காட்டட்டும் என்றும் சொன்னார்.

மச்சான் என் தலையைத் துவட்டினார். முகத்தில் அத்தனை வருத்தம். "விடு மாப்ள. தண்ணி எல்லாத்துக்கும் ஆகாது. அப்பாவுக்கு நானே பக்குவமா எழுதுறேன்." அந்த அன்புக்கு நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன் என்பதை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது.

6

உடனே கப்பலேற எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கப்பலில் போகிறேன், அதற்கடுத்ததில் போகிறேன் என்று கடத்திக்கொண்டு, சாயந்தரமானால் தனியாகக் கடலுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று நம்பினேன். சுற்றினேன்.

அந்தச் சமயத்தில் மச்சானின் தம்பி ராசு ஊரிலிருந்து வந்து இறங்கினான். சும்மா நாலு இடம் பார்க்க வந்திருக்கிறான் என்றார் மச்சான். அவன் வந்த சில நாளில் ஒரு காலை, புழுக்கத்தில் தூக்கம் கலைந்து, நான் முன்னதாகவே பழைய பாலத்துக்குப் போனேன்.

தண்ணீரில் இரண்டு தலை. ஒன்று ராசு. மற்றது மச்சான். காதில் சீழ் பிடித்த மச்சான். தலை முழுக்க நனைந்திருந்தது. நான் பார்க்கும்போதே அவர் முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி, கை மாற்றி மாற்றி வீசி, மீனவர்கள் வலைக்கு நட்ட கம்பம் வரை வகிடு எடுத்த மாதிரி போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினார். அழகான நீச்சல். பொய் சொல்லக் கூடாது.

அடுத்து ராசு கிளம்பினான். கிணற்றில் வளர்ந்தவன், பாதி தூரத்தில் அவனும் இடது பக்கம் வளைந்தான். மச்சான் பின்னாலேயே நீந்திப் போய் அவன் தலைமயிரைப் பிடித்தார்.

"கெணத்த மறந்துர்றா. இங்க சொவரு கெடையாது. அந்தக் கம்பத்துலயே கண்ண வச்சுப் போ. திரும்புற மாதிரி இருந்தா நின்னுக்க, மறுபடி கம்பத்தப் பாரு, போ."

இவ்வளவுதான் விஷயம். மூன்று மாதத்தில் ஒரு காலை, ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

நான் ஒளியவில்லை. பாலத்தின் கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தேன். ராசு கம்பத்தைத் தொட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். மச்சான் என்னைப் பார்த்தார். நீந்திப் பக்கத்தில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப வந்த மாப்ள?"

"கம்பத்தப் பாக்கச் சொன்னீங்கள்ல, அப்பவே வந்துட்டேன். காது எப்புடி இருக்கு மச்சான்?"

அவர் தலையைச் சாய்த்துக் காதில் ஏறிய தண்ணீரை உதறினார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கப்பாட்ட முடியாதுன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல மாப்ள. கூட்டியாரச் சொன்னாரு, கூட்டியாந்தேன். ஆனா எனக்கு எந் தம்பின்னு ஒருத்தன் இருக்கான்ல? நீயா விட்டுட்டுப் போயிருவன்னுதான் நெனச்சேன். ஆர்மோனியத்த விட்டவன், சைக்கிள விட்டவன், உப்புத் தண்ணியில எம்புட்டு நாளைக்கு நிப்பான்னு இருந்தேன். நீ என்னடான்னா காய்ச்சலோட வந்து நிக்கிற. விடவே மாட்டேன்னா நான் என்னதான் பண்றது?"

யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து நான் விடாமல் பிடித்த முதல் காரியம் அது. வழக்கம் போல ஆறாவது வாரம் விட்டிருந்தால் யாரும் எனக்குத் துரோகம் செய்ய வேண்டியே இருந்திருக்காது. விடவில்லை என்பதற்காகவே கடைசி வரை எனக்குக் கிணற்றையே கற்றுக் கொடுத்தார்கள்.

7

அக்காவிடம் போனேன். அடுப்படியில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கொட்டினேன். அவள் குழவியை நிறுத்தவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"அவரு தலைய தெனமும் தொவட்டுறவ நான்தானடா. ஒன்னோட போயிட்டு வந்தாத் தல காஞ்சு கெடக்கும். தனியாப் போயிட்டு வந்தா ஈரமா இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லக்கா?"

குழவி நின்றது. "சொல்லிருந்தா நீ பாஸாயிருப்ப. ராசு ஊர்லயே கெடந்திருப்பான். அதுக்கப்பறம் எம் மாமியா வீட்டு வாசப்படிய என்னைய மிதிக்க விடுவாகளா? நீ ஆம்பளப் பய, படிச்சவன், எங்கிட்டாச்சும் ஒட்டிக்கிருவ. நான் எங்கடா போவேன்?"

இலையில் இட்லி வைத்தாள். சாப்பிட்டேன். பசித்தது. அன்று சாயந்தரம் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் சரசு நின்றாள். மலாயில் என்னவோ கேட்டாள், எங்கே போகிறீர்கள் என்றுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் நாளைக்கு வருகிறேன் என்றேன். நேற்று வந்தேன் என்று சொல்லிவிட்டேன் போல. விழுந்து விழுந்து சிரித்தாள்.

8

ராசு சோதனையில் பாஸ். இப்போது லாஞ்சில் போகும்போது என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறான். நல்ல பையன். அவனுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அப்பாவின் கடிதம் வந்தது. ஆரம்பித்ததை முடிக்காத குணம் கடல் தாண்டியும் போகவில்லையே என்று எழுதியிருந்தார். மச்சான் உனக்காகப் பட்ட பாட்டை நினைத்தாயா என்று ஒரு பக்கம். பதிலில் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கினால் அப்பா சண்டைக்குப் போவார், மச்சான் வீட்டில் அடுத்த கப்பலிலேயே அக்காவைத் திருப்பி அனுப்பிக் கணக்குத் தீர்ப்பார்கள். ஆசிரியரே, என் பெயரைப் போட்டுவிடாதீர்கள். இதில் உள்ள பெயர்களும் உண்மைப் பெயர்கள் இல்லை. அப்பா பஞ்சாங்கத்தையும் இங்கிலீஷ் பேப்பரையும் தவிர எதையும் படிப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் அனுப்புகிறேன்.

அச்சகத்தின் மாடியில் ஒரு அறை. பகலில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடிக்கிறேன். காலையில் கடல். இப்போது யாரும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதில்லை. நானே கற்றுக்கொள்கிறேன் என்பதைவிட, கற்றதை மறந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். முதலில் தெரியாமல் இருந்தபோது இத்தனை கஷ்டம் இல்லை. கை கால் புத்தியைக் கேட்பதாக இல்லை. அவை மச்சானைத்தான் கேட்கின்றன. பத்துக் கை போட்டால் இடது தோள் அவரைத் தேடுகிறது. நிற்கிறேன். கம்பத்தைப் பார்க்கிறேன். போகிறேன். மறுபடி தேடுகிறது.

எனக்குச் சொல்லிக்கொடுக்காத வாக்கியத்தை வைத்துத்தான் நீந்துகிறேன் என்பது வயிற்றெரிச்சல். ஒட்டுக்கேட்டுக் கற்றது அது. இன்று காலை கம்பத்தில் ஒட்டியிருந்த சிப்பிகள் தெரியும் தூரம் வரை போய்விட்டேன். கையை நீட்டினேன். ஒரு சிறிய அலை. உடம்பு இடது பக்கம் திரும்பிவிட்டது. கம்பத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத் தொடாமலே கரைக்கு வந்தேன்.

லாஞ்சில் இன்னொரு கிராணி வேலையை விட்டுப் போகப் போகிறார் என்று கோப்பிக் கடையில் பேச்சு. இடம் காலியானால் வந்து காட்டட்டும் என்று துரை சொன்னது என் காதில் விழுந்தது. மச்சான் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவர் காதுதான் சரியில்லையே.

முதலாளி படியேறி வருகிறார். ஜன்னல் கம்பியில் போட்ட என் துண்டு இன்னும் காயவில்லை.